மரம் ரோட்டோரம் கிடக்கு

ஏப்ரல் இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஹில்க்கா சமையலறை மேசையில் படிவத்தை விரித்து வைத்து டிக் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று முதல் நாற்பது வரை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: 'நல்ல நிலை', 'பழுது'. அவளுடைய பேனா முதல் கட்டங்களின் வழியாகவே மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துவிட்டு வந்த கைக்குப் பேனா ஒரு பாரமே இல்லை.

ஹல்லாசுவோ சதுப்பு நிலத்தின் குறுக்கே மூன்று கிலோமீட்டர் போகிற பலகைப்பாதைக்கான படிவம் அது. பாதையை நாற்பது துண்டுகளாகப் பிரித்து எண் போட்டிருந்தார்கள். சதுப்பில் கால் வைத்தால் தொடைவரை உள்ளே போகும். அதனால் இரண்டிரண்டு பலகைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அதன்மேல்தான் ஜனங்கள் நடப்பார்கள். நிலம் அரசு வனக் காப்பகத்துடையது. பலகையைப் பார்த்துக்கொள்வது ஊர்ப் பாதைச் சங்கம். சம்பளம் கிடையாது, இஷ்டப்பட்டுச் செய்கிற வேலை. சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் இருபத்தாறு பேர். தலைவி ஹில்க்கா. பனி உருகியதும் இரண்டு பேர் சேர்ந்து முழுப் பாதையையும் நடந்து, பலகை பலகையாக மிதித்துப் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, மாதக் கடைசிக்குள் வன அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

மூன்று வருடமாக நடப்பது ஒருவர்தான். கையெழுத்து மட்டும் இரண்டு விழுந்தது.

நடக்கிற அந்த ஒருவர் வாசலில் வந்து நின்றார். தவுனோ. எழுபத்தொரு வயது. முப்பத்தெட்டு வருடம் மண் ரோட்டைச் சமன்செய்கிற வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மிதியடியைத் தாண்டி உள்ளே வரவில்லை. பூட்ஸில் சதுப்பு மண் காய்ந்திருந்தது.

"காபி குடிக்கிறியா?" என்றாள் ஹில்க்கா. அந்த ஊரில் வயது பார்த்து யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை. அது அதிகாரிகளுக்கும், பேச்சு முறிந்து போனவர்களுக்கும்.

"குடிச்சிட்டேன்."

"எப்ப?"

"காலைல."

"காலைல குடிச்சது இந்நேரம் வரைக்கும் தாங்குமா? உக்காரு."

அவர் உட்காரவில்லை. "ஞாயித்துக்கிழம முழுக்க நடந்தேன்."

"எப்படி இருக்கு?"

"கொக்கு வந்தாச்சு. ரெண்டு."

"நான் பாதையக் கேட்டேன்."

"பத்தொம்பது போச்சு. குளத்துக்கு இந்தப் பக்கம். மூணு ஜோடி. மிதிச்சா உன் பன்னு மாதிரி அமுங்குது."

"என் பன்னு அமுங்குதா? நாலு பன்னு தின்னுட்டுப் போனியே போன மாசம், அப்ப அமுங்கலியா?" என்று சிரித்தபடியே ஹில்க்கா படிவத்தைப் பார்த்தாள். பத்தொன்பதுக்கு எதிரே ஏற்கெனவே 'நல்ல நிலை' விழுந்திருந்தது. சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "இதப் பழுதுன்னு போட்டா என்ன ஆகும் தெரியுமில்ல? பாதைய மூடிடுவாங்க. திரும்பத் திறக்க ஆகஸ்ட் ஆகும். மே இருபதாந்தேதி பள்ளிக்கூடத்துலேர்ந்து எண்பது பிள்ளைங்க அதுல நடக்கப் போறாங்க. சூப்புக்குப் பட்டாணிகூடச் சொல்லியாச்சு."

"நல்ல நிலைன்னா போட்டிருக்க?"

"அதுக்குள்ள சரி பண்ணிட்டா நல்ல நிலைதானே. நாலு நாள் முன்னாடி எழுதறேன், அவ்வளவுதான்."

தவுனோ படிவத்தை மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார்.

"மரம் ரோட்டோரம் கிடக்கு," என்றார்.

"தெரியும்யா. சனிக்கிழம தூக்கிடலாம். ஒம்பது மணிக்கு வந்துடறேன். பென்த்தியையும் கூப்பிடறேன்."

"சரி."

அப்போதுதான் மிதியடியைத் தாண்டி வந்தார். தன் பெயருக்கு மேலே, பள்ளிப் பிள்ளை எழுதுவதைப் போல ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

மரம் ரோட்டோரம் கிடக்கிறது என்பதை அவர் சொல்வது அது முதல் தடவையல்ல. பிப்ரவரியில் வன அலுவலக லாரி ஆறு பலகைகளைப் பாதை தொடங்குமிடத்தில் இறக்கிவிட்டுப் போனது. ஒவ்வொன்றும் நான்கு மீட்டர் நீளம், முப்பது கிலோ. வழக்கமாக மார்ச்சில் சதுப்பு உறைந்து கிடக்கும்போது சங்கத்து ஆள் பென்த்தி தன் பனிவண்டியில் கட்டி இழுத்துப்போய்க் குளத்தோரம் போட்டுவிடுவான். அரைமணி வேலை. இந்த வருடம் பென்த்திக்கு ஒரு வாரம் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கும் போட்டி. இன்னொரு வாரம் வண்டியின் பெல்ட் அறுந்துபோனது. அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ. தவுனோ கடையில் நின்று சொன்னார், "மரம் ரோட்டோரம் கிடக்கு." தேவாலய வாசலில் சொன்னார். பெட்ரோல் போடும் இடத்தில் சொன்னார். எல்லாரும், "ஆமா, போறப்ப பாத்தேன், கிடக்கு," என்றார்கள். பனி உருகிவிட்டது. இனி வண்டி போகாது, தோளில்தான் போக வேண்டும்.

அந்த ஊர் ஆட்கள் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் யார் முன்னாலும் துணியில்லாமல் உட்காருவார்கள். ஆனால் 'எனக்கு ஒரு கை குடு' என்று வாய்விட்டுக் கேட்கக் கூசுவார்கள். மரம் எங்கே கிடக்கிறது என்று சொல்வார்கள். மிச்சத்தைக் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாருக்கும் புரியத்தான் செய்தது. புரியாத மாதிரி இருந்துவிட அந்த வாக்கியம் இடமும் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை ஹில்க்கா பென்த்திக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு மரம் தூக்கணும், ஒம்பது மணிக்கு."

"நாளைக்கா? மே தினத்துக்குக் குடிச்ச தலைவலியே எனக்கு இன்னும் இறங்கல."

"மே தினம் நேத்தோட முடிஞ்சு போச்சு."

"உனக்கு முடிஞ்சிருக்கும். பனி இருந்தப்ப சொல்லியிருந்தா அரைமணி வேல."

"பனி இருந்தப்ப தவுனோ சொன்னானே."

"எங்க சொன்னான்? மரம் கிடக்குன்னான். கொண்டாந்து போடுன்னா சொன்னான்? எம் பொண்டாட்டிகூடத்தான் தெனம் சொல்றா, குப்ப கிடக்குன்னு. எல்லாத்துக்கும் எந்திரிச்சு ஓட முடியுமா?"

ஹில்க்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பிற்பாடு அவளுக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது மழையும் பனியும் கலந்து ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய முழங்கால் வலித்தது. பொய்யில்லை, வலிக்கத்தான் செய்தது. இந்த மழையில் தவுனோவும் கிளம்பமாட்டான் என்று நினைத்தாள். போன் செய்து சொல்லியிருக்கலாம். செய்தால் அவர், "சரி," என்பார், அந்தச் 'சரி'யைக் கேட்க வேண்டியிருக்கும். செய்யவில்லை. அடுப்பு மூட்டிப் பன் சுட்டாள்.

ஞாயிறு மதியம் வெயில் வந்தது. நான்கு ஏலக்காய் பன்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காரில் போனாள். பாதை தொடங்குமிடத்தில் தவுனோவின் சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது. ஆறு பலகைகள் கிடந்த இடத்தில் ஒன்றுதான் கிடந்தது. முதலில் யாரோ திருடிவிட்டதாக நினைத்தாள். பிறகு ஈர மண்ணில் ஒரே அளவுப் பூட்ஸ் தடங்கள் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்தாள்.

பதினோராம் துண்டில் அவர் பாதையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கால்கள் பாசியின்மேல் இருந்தன. ஐந்தாவது பலகையைப் பக்கத்தில், யார் காலிலும் இடறாதபடி, பாதையோடு ஒட்டி வைத்திருந்தார். தொப்பி தலையில் இருந்தது. கையுறைகள் மடியில், ஒன்றின்மேல் ஒன்றாக.

"ஒரு நாள் பொறுக்க மாட்டியா நீ?" என்று தூரத்திலிருந்தே கத்தினாள் ஹில்க்கா. "யாரு தூக்கச் சொன்னா தனியா? நான்தான் வரேன்னு சொன்னேன்ல?"

பத்தடி தூரத்துக்கு வந்தும் திட்டிக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து தோளைத் தொட்டபோதுதான் நிறுத்தினாள். கோட்டுக்கு மேலேயே குளிர் தெரிந்தது.

இதயம் என்றார் மருத்துவர். எங்கே இருந்தாலும் நடந்திருக்கலாம் என்றார். மீட்புப் படையினர் பதினோராம் துண்டுவரை வந்து தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அதற்கு அப்பால் யாரும் போகவில்லை. போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஊர் ஒரே நாளில் தனக்கு வேண்டியதைச் சொல்லிக்கொண்டது. பிடித்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தான். பிடிவாதக்காரன். வாய் திறந்து கேட்டிருந்தா யாரு வரமாட்டோம்னா? கடையில் பால் எடுக்கும்போது சொன்னார்கள், ரொட்டி எடுக்கும்போது தலையாட்டினார்கள். ஹில்க்காவும் தலையாட்டினாள்.

புதன்கிழமை தவுனோவின் மகள் மெர்வி வந்தாள். துர்க்கு நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை, நாற்பது வயது. சின்ன வயதில் பள்ளிச் சமையலறை ஜன்னலில் தட்டை நீட்டி, "ஹில்க்கா, இன்னும் கொஞ்சம் போடு," என்று கேட்ட பெண். மேசையில் உட்கார்ந்து காபிக் கோப்பையைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"வன அலுவலகத்துல பேசினேன், ஹில்க்கா. பாவம், நல்லாத்தான் பேசினாங்க. ஆனா பாதைல பழுதே இல்லையாமே? நாப்பது துண்டும் நல்ல நிலைன்னு அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காராம். அப்புறம் எதுக்குப் பலகையத் தூக்கிட்டுப் போனாருன்னு அவங்களே எங்கிட்ட கேக்கறாங்க."

ஹில்க்கா சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

"அவருக்கு மறதி ஏதும் இருந்துச்சான்னு கேட்டாங்க," என்றாள் மெர்வி. "எங்க பாட்டிக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. நடுக் கோடைல பனி தள்ளப் போவா. அப்பாவுக்கும் வந்திருந்ததா? போன்ல நல்லாத்தான் பேசினாரு. ஹில்க்கா கூட நடக்கறா, தனியாப் போறதில்லன்னாரு. நீ பக்கத்துலயே இருக்கறவ. சொல்லு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஹில்க்கா மூச்சை இழுத்தாள்.

"வயசாச்சில்ல," என்றாள்.

மெர்வி மெல்லத் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் தன் அப்பாவாக இருந்த மனிதரைக் கழற்றி வைத்துவிட்டு, புத்தி தடுமாறி மரம் சுமந்த ஒரு கிழவரை அந்த இடத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். ஹில்க்கா அதை எதிரே இருந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டு, பன் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

போகும்போது மெர்வி கேட்டாள்: "குளத்துக் குடில்ல ஒரு நோட்டு இருக்குமாமே? அப்பா அதுல எழுதுவேன்னு சொல்வாரு. கடைசியா என்ன எழுதினாருன்னு பாக்கணும். அடக்கத்தன்னைக்குக் கொண்டு வரியா?"

"கொண்டு வரேன்."

குளத்தோரத்தில் மூன்று பக்கம் அடைத்த மரக்குடில் ஒன்று உண்டு. நடப்பவர்கள் அங்கே நெருப்பு மூட்டிச் சாஸேஜ் சுட்டுத் தின்பார்கள். தகரப் பெட்டியில் இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் போவார்கள். சங்கத்தினருக்கும் அதே நோட்டுதான். எங்கே ஆணி கிளம்பியிருக்கிறது, எங்கே பலகை ஆடுகிறது என்று பார்த்தவர் எழுதிவைப்பார். மாதம் ஒருமுறை தலைவி போய்ப் படித்து ஆள் அனுப்ப வேண்டும். ஹில்க்கா கடைசியாக அந்தப் பெட்டியைத் திறந்தது போன செப்டம்பரில்.

அடுத்த வாரம், அடக்கத்துக்கு முந்தைய நாள் போனாள். பதினோராம் துண்டில் ஐந்தாவது பலகை அப்படியே இருந்தது. அதைத் தாண்டி நடந்தாள். பதினெட்டின் முடிவில் நான்கு புதுப் பலகைகள் அடுக்கியிருந்தன. ஈரம் ஏறாதபடி அடியில் குறுக்கே குச்சி வைத்திருந்தார். ஒன்றுக்கொன்று காற்றுப் போகவும் குச்சி வைத்திருந்தார். புத்தி தடுமாறியவர் செய்கிற காரியமல்ல அது.

பத்தொன்பதில் கால் வைத்தாள். இரண்டாவது பலகை முனகாமல், முன்னறிவிப்பில்லாமல் நடுவில் விட்டுப்போனது. தொடைவரை உள்ளே போனாள். ஏப்ரலில் உருகிய தண்ணீர் இன்னும் பனிக்கட்டி மாதிரியே குளிர்ந்தது. வயிற்றைப் பலகையில் அழுத்தி, நகத்தால் மரத்தைப் பிராண்டி வெளியே வர ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. தான் 'நல்ல நிலை' என்று எழுதிக் கொடுத்த பலகையின்மேல் ஐம்பத்தெட்டு வயதில் ஒற்றைக்கால் சாக்ஸோடு குப்புறக் கிடந்தாள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இங்கே இறங்கியிருந்தால் தொடையோடு நின்றிருக்காது.

தவழ்ந்து குடிலுக்குப் போனாள். பெட்டியைத் திறந்தாள். படித்தாள். நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தாள். குளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கொக்குகள் கத்தின.

பக்கத்தில் நெருப்பு மூட்டும் குழி இருந்தது. தீப்பெட்டியும் இருந்தது. நோட்டு நனைந்து கிழிந்துபோச்சு என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. அந்த நினைப்பு அவளுக்கு வந்தது. வந்து, தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வன அலுவலகத்துக்குப் போன் செய்து பாதையை மூடச் சொன்னாள். காரணம் கேட்டார்கள். சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். குழியருகே ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு சங்கமும் முறைப்படி முன்னால் வந்து மலர்வளையம் வைத்து, அதன் நாடாவில் எழுதியிருப்பதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். பாதைச் சங்கத்து வளையத்தைப் பென்த்திதான் சொல்லிச் செய்திருந்தான். நாடாவில், 'தன் பாதையில் தன் இஷ்டப்படி நடந்தவருக்கு, நண்பர்கள்' என்று பொன்னிற எழுத்தில் இருந்தது.

ஹில்க்கா வளையத்தை வைத்தாள். நாடாவைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து சதுப்புத் தண்ணீர் பட்டு அலையலையாகச் சுருங்கிய நோட்டை எடுத்தாள்.

"இது தவுனோ எழுதினது. நான் படிச்சிருக்க வேண்டியது," என்றாள். வாசித்தாள்.

"மார்ச் ஒன்பது. மரம் ரோட்டோரம் கிடக்கு. பனி கெட்டி.

"மார்ச் இருபத்து மூன்று. மரம் ரோட்டோரம் கிடக்கு. பனி இன்னும் தாங்கும்.

"ஏப்ரல் ஆறு. மரம் ரோட்டோரம் கிடக்கு. பனி இனித் தாங்காது.

"ஏப்ரல் இருபத்தேழு. பத்தொன்பதில் மூன்று ஜோடி போச்சு. கொக்கு இரண்டு.

"ஏப்ரல் முப்பது. ஒரு பலகை கொண்டுவந்தேன். இரண்டு பேர் தூக்க வேண்டியது.

"மே ஒன்று. இரண்டாவது. மே இரண்டு. மூன்றாவது."

பென்த்தி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மே மூன்று. ஒன்பதரை வரை ரோட்டில் நின்றேன். மழை. நான்காவது. பிள்ளைகள் வருவதற்குள் முடியும்."

அதற்குப் பிறகு பக்கம் வெறுமையாக இருந்தது. நோட்டை மூடினாள்.

"அவனுக்கு மறதி இல்ல, மெர்வி. பத்தொம்பது பழுதுன்னு என் வீட்டு வாசல்ல நின்னு சொன்னான். நான்தான் நல்ல நிலைன்னு எழுதினேன். நான் நடக்கவே இல்ல. மூணு வருஷமா நடக்கல. சமையலறையில உக்காந்து கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொய்ய நெசமாக்கத்தான் அவன் மரம் தூக்கினான். சனிக்கிழம வரேன்னேன். போகல. புதன்கிழம நீ கேட்டப்ப வயசாச்சுன்னு சொன்னேன். அதுவும் பொய்."

பாதிரியார் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வளையத்துக்காரர்கள் முன்னால் வருவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள்.

மெர்வி வந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். அடிபட்டவள் முகம் போலவும் இருந்தது, எதையோ திரும்பப் பெற்றவள் முகம் போலவும் இருந்தது.

"பத்து நாள் எங்கப்பாவப் பைத்தியக்காரர்னு நெனச்சு அழுதிருக்கேன்," என்றாள். "அதுக்கு உங்கள நான் மன்னிக்கல. சொன்னதுக்கு மட்டும் நன்றி. நீங்க போகலாம்."

நீங்க. ஹில்க்கா கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டிய பிறகும் அந்தச் சொல் காதுக்குள்ளேயே நின்றது.

இருபதாம் தேதி பிள்ளைகள் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் பட்டாணி சூப் குடித்தார்கள். ஹில்க்கா தலைவி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். பொறுப்பை எடுத்துக்கொள்ள ஆள் வராததால் அந்தக் கடிதம் சங்கத்து மேசையிலேயே கிடந்தது. இருபத்து நான்காம் தேதி, வன அலுவலக ஆள் ஒருவர் நின்று பார்க்க, பலகை மாற்ற அனுமதி கிடைத்தது. ஒன்பது மணி என்று கடையில் சீட்டு ஒட்டினாள். எட்டே முக்காலுக்கெல்லாம் அவளோடு பதினோரு பேர் ரோட்டோரம் நின்றார்கள். பாதிப் பேரை அவள் இரண்டு வருடமாகப் பாதைப் பக்கம் பார்த்ததே இல்லை.

பன்னிரண்டாவதாக மெர்வி வந்தாள். தன் அப்பாவின் கையுறைகளைப் போட்டிருந்தாள். விரல் நுனியில் தொளதொளத்தன.

பென்த்தி பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். "இதயா தனியா கொண்டு போனான்?" என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தான்.

"கேக்கலன்னு சொல்லப் போறீங்களா?" என்றாள் மெர்வி.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"கேட்டாரு. மார்ச் மாசத்துலேர்ந்து கேட்டாரு. ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாரு. நீங்க எல்லாம் எங்கப்பா பேசற பாஷைலதானே பேசறீங்க? என்ன கேட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்."

பென்த்தி குனிந்து பலகையின் முனையை மறுபடி பிடித்தான். அவனோடு இன்னொருவர் சேர்ந்துகொண்டார். பதினோராம் துண்டில் பாதையோடு ஒட்டிக் கிடந்த பலகைக்கு மெர்வி நேராகப் போனாள். முன்முனையைத் தூக்கினாள். பின்முனை தரையிலேயே கிடந்தது. திரும்பிப் பார்த்தாள். அங்கே ஹில்க்கா நின்றிருந்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள்.

ஹில்க்கா பிடித்தாள். ஒருவர் காலடிக்கு இன்னொருவர் காலடி சேரக் கொஞ்ச தூரம் ஆயிற்று. பிறகு பலகை கனக்கவில்லை. முப்பது கிலோ, இரண்டு தோள், ஆளுக்குப் பதினைந்து. பள்ளியில் அவள் தினமும் தூக்குகிற உருளைக்கிழங்கு மூட்டை அதைவிடக் கனம்.

பழைய பலகைகளைக் கையாலேயே பிய்த்தெடுக்க முடிந்தது. உள்ளே மரமே இல்லை, செம்மண் மாதிரி உதிர்ந்தது. சேற்றிலிருந்து ஹில்க்காவின் பூட்ஸும் கிடைத்தது. யாரும் சிரிக்கவில்லை. கடைசி ஆணியைப் பென்த்தி அடித்தான். வன அலுவலக ஆள் மூன்று ஜோடியையும் மிதித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

ஹில்க்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பார்த்திருக்கக் கூடாது என்று நினைத்தாள். ரோட்டிலிருந்து கிளம்பி, சுமந்து, அடித்து முடிக்க ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் ஆகியிருந்தது. தவுனோவின் உயிருக்கு ஈடாக அவர்களெல்லாம் மிச்சம் பிடித்துக்கொண்டது அந்த ஒரு மணி ஐந்து நிமிடம்தான்.

மெர்வி குடிலுக்குள் போய், கொண்டுவந்திருந்த நோட்டைத் தகரப் பெட்டியில் திரும்ப வைத்தாள். மூடாமல் ஹில்க்காவைக் கூப்பிட்டாள்.

"இதப் படிக்கற வேல யாருது இனிமே?"

"என்னுது."

"நடந்து வந்து படிப்பீங்களா?"

"நடந்து வந்து படிப்பேன்."

"அப்ப எல்லாருக்கும் ஒண்ணு சொல்லி வைங்க." மெர்வி குடிலுக்கு வெளியே நின்ற மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "பாக்காததப் பாத்தேன்னு யாரும் கையெழுத்துப் போடாதீங்க. அந்தப் பொய்ய யாராவது ஒருத்தர் தோள்ல சுமக்க வேண்டி வரும். அப்புறம், வயசானவங்க யாராவது உங்க வாசல்ல வந்து நின்னா, என்ன சொல்றாங்கன்னு மட்டும் பாக்காதீங்க. எதுக்கு வந்து நிக்கறாங்கன்னு பாருங்க. எங்கப்பாவுக்கு உதவின்னு வாயில வராது. மரம் கிடக்குன்னுதான் வரும். உங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் இருப்பாரு."

அவள் கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பையில் போட்டுக்கொண்டு பலகைப்பாதையில் முதல் ஆளாக நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். ஹில்க்கா கடைசியாக வந்தாள். ஒவ்வொரு பலகையையும் நின்று, இடது காலால் ஒருமுறை, வலது காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரோட்டை அடையும்போது மற்றவர்களின் கார்கள் எல்லாம் போயிருந்தன. மரம் கிடந்த இடத்தில் ஆறு பலகை அகலத்துக்குப் புல் வெளுத்துப்போய்ப் படுத்துக் கிடந்தது.